திங்கட்கிழமைத் தண்ணீர்

ஆயிரத்து நூற்று நாற்பதில் இருநூற்றுப் பதினாறு. கொடுத்த கார்டுகளில் இதுவரை திரும்பி வந்தவை அவ்வளவுதான். இருநூற்றுப் பதினேழாவது இப்போது கத்தரியின் வாயில் இருக்கிறது. கார்டு அக்கா அதைக் குறுக்கே ஒரு வெட்டு, நெடுக்கே ஒரு வெட்டு வெட்டி, நான்கு துண்டுகளையும் மேசைக்கடியில் இருக்கும் வாளியில் போடுகிறார். கையால் கிழிக்க முடியாது. லேமினேஷன் செய்த கார்டு கிழியாது, நனையாது, மடக்கினாலும் நிமிர்ந்துகொள்ளும். பன்னிரண்டு வருடமாக அதைச் சொல்லிச் சொல்லித்தான் கொடுத்தார். "தண்ணியில நாள்கணக்கா கெடந்தாலும் ஒரு எழுத்து அழியாது. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

சொன்னது அப்படியே நடந்தது. அதனால்தான் இந்தக் கத்தரி.

கடை பொது நூலகத்தை ஒட்டிய சந்தில் இருக்கிறது. ஆறடி அகலம். இரண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், ஒரு ஸ்டூல். சூடான பிளாஸ்டிக் வாடை சுவரிலேயே ஊறிப்போயிருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் நூலகத்துக்கு வரும் மாணவர்கள். திங்கட்கிழமை நூலகத்துக்கு விடுமுறை, அதனால் கடைக்கும் விடுமுறை.

அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டியிருப்பார். மெஷினில் தாள் வைக்கும்போதே மணி பார்க்கலாம் என்பது காரணம். எதற்கும் நேரம் பார்க்கும் வழக்கம் அவருக்கு உண்டு. எதிர்க்கடையில் டீ சொன்னால் வந்து சேர ஏழு நிமிடம். அவருடைய தம்பி "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்றால் பதினெட்டு. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், தன் மனைவியோடு எப்படிக் காலம் தள்ளுவது என்பதற்கும் ஒரு கார்டு போட்டுக் கொடுத்தால் தேவலை என்று வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார். கடைச் சுவரில் ஓர் ஆணியில் நகவெட்டி தொங்குகிறது. லேமினேஷன் முடிந்ததும் கார்டின் நான்கு முனைகளையும் அதனால் நறுக்கி வட்டமாக்கி, ஒரு முனையைத் தன் உள்ளங்கையில் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். கூர்முனை சட்டைப் பையில் இருந்தால் நெஞ்சில் குத்துமாம்.

ஊருக்கு மேலே பதினெட்டு கிலோமீட்டரில் அணை. அங்கே மின்நிலையம் இருக்கிறது. தொழிற்சாலைகளுக்குக் கரண்ட் வேண்டியபோது தண்ணீரைத் திறப்பார்கள், போதும் என்றால் மூடுவார்கள். மூடியிருக்கும்போது ஆறு கணுக்கால் அளவுக்குத்தான் ஓடும். மீன் பிடிக்கிறவர்கள் நடு ஆற்றுப் பாறைவரை நடந்தே போவார்கள். ரப்பர் படகில் மிதந்து போகிறவர்கள் சில இடங்களில் இறங்கித் தள்ளுவார்கள். திறந்த தண்ணீர் வந்து சேர்ந்தால் ஒரு டீ குடித்து முடிப்பதற்குள் அதே இடத்தில் மார்பளவுத் தண்ணீர் நிற்கும். சத்தம் முன்னால் வராது. தண்ணீர்தான் முதலில் வரும்.

ஆகவே ஆற்றில் இறங்குகிறவனுக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்பது ஒன்று. அதற்கு அணை அலுவலகத்தில் ஒரு போன் நம்பர் உண்டு. கூப்பிட்டால் பதிவு செய்த குரல் அந்த வாரத்து நேரங்களைச் சொல்லும். திறந்த தண்ணீர் நாம் நிற்கும் இடத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்பது மற்றொன்று. அதை யாரும் சொல்வதில்லை. அணைக்காரர்களைக் கேட்டால், அது அவர்கள் வேலை இல்லை.

அந்த இரண்டாவதைக் கண்டுபிடித்தவர்தான் கார்டு அக்கா. அவரே தூண்டில் போடுகிறவர். மூணாங்கல் என்று ஓர் இடம். ஆறு குறுகி மூன்று பாறைகளுக்கு நடுவே பாயும். அதில் இரண்டாவது பாறைதான் அவருடைய திங்கட்கிழமை ஆசனம். வாரத்தில் ஆறு நாள் எதிரே நிற்கிறவர்கள் எல்லோரும் 'அவசரம்க்கா, அவசரம்க்கா' என்று பறக்கிறார்கள், மீன் ஒன்றுதான் அப்படிச் சொல்வதில்லை என்பார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் தண்ணீர் திடீரென்று வந்து அவருடைய பையை அடித்துக்கொண்டு போனது. வேறு யாராக இருந்தாலும் அணைக்காரர்களைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். இவர் அடுத்த வாரம் நோட்டோடு வந்தார். கரையோரம் ஒரு குச்சியை நட்டு, அதில் சிவப்பு நூல் கட்டி, நூல் நனையும் நேரத்தைக் குறித்தார். ஒரு வாரம் பாலத்தடி, ஒரு வாரம் நாணல் திட்டு, ஒரு வாரம் மூணாங்கல். இப்படி முப்பத்தொரு வாரம். மூணாங்கல்லுக்கு இரண்டு மணி இருபது நிமிடம். "முப்பத்தோரு தடவை பாத்தேன். எந்த எடத்துலயும் அஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன போகல" என்று சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிமிர்வு இருக்கும். இருந்தது.

அதை ஒரு சின்ன அட்டவணையாக்கி, ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் செய்து கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மீன் பிடிக்கிறவர்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்கள். அவருடைய தம்பி பாலத்தடியில் ரப்பர் படகுச் சவாரி நடத்துகிறவர். அவர் அதையே எட்டடிப் பலகையில் பெரிதாக எழுதி, 'கார்டு அக்காவின் கணக்கு' என்று கீழே போட்டுத் துறையில் நட்டார்.

பலகை எழுதியவர் ஒரு பெயின்டர். ஒல்லியான, நிறையப் பேசுகிற ஆள். வாயில் எப்போதும் ஒரு பெப்பர்மின்ட் இருக்கும். ஒருகாலத்தில் நன்றாகக் குடித்தவர். விட்டு ஏழு வருடம் ஆகிவிட்டது. கை சும்மா இருந்தால் மனசு அலைகிறது என்று பெப்பர்மின்ட்டும் தூண்டிலும் பழகிக்கொண்டார். வேலை கிடைக்காத நாட்களில் மூணாங்கல்லுக்குப் போவார். வாடையை மறைக்கத்தான் பெப்பர்மின்ட் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார், மறுப்பதில்லை. "மறுத்தா மட்டும் நம்பிடப் போறாங்களாக்கா?"

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு புதன்கிழமை மூணாங்கல்லில் அவரைத் தண்ணீர் கொண்டுபோயிற்று. நான்காம் நாள்தான் உடல் கிடைத்தது. சட்டைப் பையில் கார்டு இருந்தது. ஓர் எழுத்துகூட அழியவில்லை.

ஊர் முழுக்கக் கடைக்கு வந்து அக்காவுக்கு ஆறுதல் சொன்னது. கார்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு செத்தானே, குடித்தவனுக்கு மணி எங்கே தெரியும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று. அந்த வாரம் மட்டும் நாற்பது பேர் புதிதாகக் கார்டு வாங்கிப் போனார்கள்.

மூன்று வாரம் கழித்து பெயின்டரின் மனைவி வந்தார். விசாரணை அறிக்கையை நான்கு பிரதி எடுக்க வேண்டும் என்றார். தையல் வேலை செய்கிறவர், அதிகம் பேசாதவர். அன்றைக்குப் பேசினார். அறிக்கையில் 'மதுபோதையில் கவனக்குறைவாக இருந்ததால்' என்று ஒரு வரி இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லி மேல்முறையீடு செய்யப் போகிறேன் என்றார். கரையில் காலிப் பாட்டில் கிடந்ததாம், அதை வைத்து எழுதிவிட்டார்களாம். அந்தக் கரையில் எந்த நாள் காலிப் பாட்டில் கிடக்கவில்லை?

"ஏழு வருஷம் தொடலக்கா. நான்தான் கூட இருந்தவ. எனக்குத் தெரியாதா? பிள்ளைங்க நாளைக்கு இதைப் படிக்கும்ல."

அக்கா பக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் கவிழ்த்தார். மற்றவர்கள் காகிதத்தைப் படிக்கக் கூடாது என்பது அவர் கடைச் சட்டம். ஆனால் நேரம் எழுதியிருந்தால் அவர் கண் தானாக அங்கே போய்விடும். மூன்றாம் பக்கத்தில் அணையின் பதிவேட்டு நகல்: திறந்த நேரம் காலை ஒன்பது. ஐந்தாம் பக்கத்தில் எதிர்க்கரையில் மாடு மேய்த்தவரின் வாக்குமூலம்: தண்ணீர் வந்து பெயின்டரைத் தள்ளியது பத்து நாற்பது, பக்கத்துத் தொழிற்சாலையில் சங்கு ஊதிய நேரம்.

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்பதோடு இரண்டு மணி இருபது நிமிடம் சேர்த்தால் பதினொன்று இருபது. மாடு மேய்த்தவர் சொன்னது நாற்பது நிமிடம் முன்னால்.

அக்கா நான்கு பிரதியையும் அடுக்கி, ஓரம் தட்டி, கிளிப் மாட்டிக் கொடுத்தார். அந்தப் பெண் படியிறங்கிப் போன பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தார். டீக்காரர் எட்டிப் பார்த்து உடம்புக்கு என்ன என்று கேட்டதற்கு, மெஷின் சூடாகிவிட்டது என்றார்.

மறுநாளிலிருந்து மூன்று நாள் கடை பூட்டியிருந்தது. மாணவர்கள் நூலகத்துக்கும் சந்துக்குமாக நடந்தார்கள். அக்கா குச்சியும் சிவப்பு நூலுமாக மூணாங்கல்லில் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நாற்பத்தொன்று. ஒரு மணி முப்பத்தொன்பது. ஒரு மணி நாற்பது. அடுத்த திங்கட்கிழமையும் போனார். இரண்டு மணி பத்தொன்பது.

அந்தக் கரையிலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைகளுக்கு விடுமுறை. அன்று அணை திறப்பதே இல்லை. ஒரு நாள் முழுக்க ஆற்றின் மடுக்கள் வடிந்து கிடக்கும். திங்கட்கிழமை திறக்கும் தண்ணீர் வழியில் இருக்கும் மடுவையெல்லாம் நிரப்பிவிட்டுத்தான் கீழே வரும். மற்ற நாட்களில் முந்தின நாள் தண்ணீர் மடுக்களில் நிற்கும், புதுத் தண்ணீர் நிற்காமல் வரும். கடைக்கு விடுமுறை திங்கள் என்பதால் அவர் அளந்த முப்பத்தொரு நாளும் திங்கட்கிழமை. ஐந்து நிமிடம்கூட மாறவில்லை என்று பன்னிரண்டு வருடம் பெருமைப்பட்டாரே, மாறாததுதான் தப்பு.

இதைவிட ஒன்று அவரைக் குடைந்தது. தம்பியின் படகோட்டிகளிடம் கேட்டபோது அவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். வாரத்தில் பல நாள் தண்ணீர் முந்தி வருவதை எப்போதோ பார்த்திருக்கிறார்களாம். "அணைக்காரன் முன்னாடியே திறந்துட்டு நேரத்தை மாத்திச் சொல்றான்னு நெனச்சோம்க்கா. உங்க கார்டு தப்பா இருக்கும்னு யாருக்குத் தோணும்?"

அன்று மாலையே புதுக் கார்டு அடித்தார். சிவப்பு எழுத்து. திங்கட்கிழமைக்கு ஒரு வரிசை, மற்ற நாளுக்கு ஒரு வரிசை. பழையதைக் கொடுத்தால் புதியது. மூணாங்கல் வரை நடந்து நடந்து கேட்டார். பழைய கார்டு ராசியானது என்றார் ஒருவர். தொப்பிக்குள் தைத்துவிட்டேன், பிரித்தால் தொப்பி போய்விடும் என்றார் இன்னொருவர். "என்னக்கா, புது மாடலா? பழைய ஆறு நல்லாத்தானே ஓடுது?" என்று சிரித்தார்கள். கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லை. கையை நீட்டிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். அப்படி நின்று வாங்கியவைதான் இந்த இருநூற்றுப் பதினேழு.

தம்பியிடம் மட்டும் வாய்விட்டுக் கேட்டார். தம்பிக்கு நாற்பத்தைந்து வயது. அக்கா இட்ட வேலையை ஓடிச் செய்து வளர்ந்தவர். இந்த வருடம் கடன் வாங்கி இரண்டாவது படகு எடுத்திருக்கிறார். முதல் சவாரி ஏழு மணிக்கு, இரண்டாவது ஒன்பதே காலுக்கு. ஒன்பதே காலுக்குப் பாலத்தடியில் கிளம்பும் படகு மூணாங்கல்லைத் தொட பத்தே முக்கால் ஆகும். அணை ஒன்பதுக்குத் திறந்தாலும் பதினொன்று இருபது வரை நேரம் இருக்கிறது என்று பலகை சொல்கிறது. புதுக் கார்டோ பத்து நாற்பது என்கிறது.

பலகையை மாற்று, அணை பத்து மணிக்கோ அதற்குப் பிறகோ திறக்கிற நாளில் மட்டும் இரண்டாவது சவாரி விடு என்று அக்கா பேசி முடிக்கும்வரை தம்பி படகுக்குக் காற்றடித்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, பத்து மணிக்குத் திறக்கிற நாளு மாசத்துல நாலு வந்தா அதிகம். நாலு நாளுக்கு ரெண்டாவது படகு வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"திங்கட்கிழமை விடு. அன்னிக்கு நேரம் இருக்கு."

"திங்கட்கிழமை எவன்க்கா வரான்? நீதான் வருவ."

பக்கத்தில் இருந்த படகோட்டி சிரிப்பை அடக்கிக்கொண்டார். அக்கா சிரிக்கவில்லை. இந்த சீசனில் இரண்டு தடவை படகைத் தண்ணீர் பிடித்ததே என்று கேட்டார். மூணாங்கல்லைத் தாண்டிய பிறகுதான் பிடித்தது, ஏறியிருந்தவர்கள் கைதட்டினார்கள், இதுபோல் இன்னொரு தடவை உண்டா என்று கேட்டார்கள் என்றார் தம்பி. பிறகு கொஞ்சம் இறங்கி வந்தார். பலகையில் நேரத்துக்கு முன்னால் 'சுமார்' என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடலாம்.

"யாரு எழுதுவா?" என்றார் அக்கா. "எழுதறவன் செத்துட்டான்டா."

தம்பி காற்றடிப்பதை நிறுத்தினார்.

அதன் பிறகுதான் அக்கா எழுத்துமூலமாகக் கொடுப்பது என்று முடிவு செய்தார். விசாரணை அதிகாரிக்கு ஒன்று, பெயின்டரின் மனைவிக்கு ஒன்று. வீட்டில் கணவர் முதல் தடவையாக வேடிக்கை பேசவில்லை. அந்தப் பெண்ணிடம் வாயால் சொல்லிவிடு, எழுதிக் கொடுக்காதே, எழுதிக் கொடுத்தால் நீ கொன்றதாக ஆகிவிடும் என்றார். "எழுதினதாலதானே செத்தான்" என்றார் அக்கா. கணவர் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். தம்பி போனில் சொன்னது இன்னும் சுருக்கம். "அதை மட்டும் குடுத்துப் பாரு. அப்புறம் எனக்கு அக்கா கிடையாது."

ஆயிரக்கணக்கான மனுக்களையும் வாக்குமூலங்களையும் பிரதி எடுத்தவருக்கு ஒரு தாள் எழுதுவது பெரிய காரியம் இல்லை. 'மேற்படி' எங்கே வரும், 'பணிந்து' எங்கே வரும் என்று தெரியும். ஆறு தடவை அப்படி எழுதிக் கிழித்தார். ஏழாவது தடவை இப்படி வந்தது:

'மூணாங்கல்லுக்குத் தண்ணீர் வர இரண்டு மணி இருபது நிமிடம் ஆகும் என்று நான் எழுதிக் கொடுத்த கார்டு தப்பு. திங்கட்கிழமை தவிர மற்ற நாட்களில் ஒரு மணி நாற்பது நிமிடம்தான். பெயின்டர் அந்தக் கார்டை நம்பித்தான் அங்கே நின்றார். அவர் நேரம் தவறவில்லை. நான்தான் தவறினேன்.'

கீழே கையெழுத்து. கையெழுத்துக்குப் பக்கத்தில், பழக்கதோஷம், மணியும் போட்டிருந்தார்: 4.12.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பெயின்டரின் மனைவி வந்தார். அக்கா தாளைக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்காராமல் நின்றார். அந்தப் பெண் நின்றபடியே படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். சந்தில் ஒரு சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. திட்டுவார் என்று அக்கா எதிர்பார்த்தார். திட்டினால் கேட்டுக்கொள்வது எப்படி என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்தார்.

"அன்னிக்குக் காலையில சொல்லிட்டுத்தான் போனாரு" என்றார் அந்தப் பெண், தாளைப் பார்த்தபடி. "'பதினொண்ணு இருபது வரைக்கும் நேரம் இருக்கு, பதினொண்ணுக்கே கரையேறிடுவேன்'னு. இருவது நிமிஷம் கையில வெச்சுக்கிட்டுத்தான் நின்னிருக்காரு."

அக்கா தலையசைத்தார். 

அந்தப் பெண் பையைத் திறந்து போலீஸ் கொடுத்த காக்கி உறையை எடுத்தார். அதிலிருந்து ஒரு கார்டை மேசைமேல் வைத்தார். நான்கு முனையும் வட்டமாக நறுக்கிய கார்டு. அக்காவின் கை பழக்கத்தில் கத்தரிப் பக்கம் போயிற்று.

"இதை வெட்டக் கூடாது" என்றார் அந்தப் பெண். "இது அங்க காட்டணும்."

கார்டை மறுபடி உறைக்குள் வைத்துவிட்டு, எழுதிய தாளை மேசையின் மறுபக்கம் தள்ளினார்.

"இதையும் அதே மாதிரி போட்டுக் குடுங்க. நனையக் கூடாது."

லேமினேஷன் மெஷின் சூடேற நான்கு நிமிடம் ஆகும். இருவரும் அந்தச் சின்ன சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். விளக்கு பச்சையானதும் அக்கா தாளைப் பிளாஸ்டிக் உறைக்குள் நேராக வைத்து மெஷினில் விட்டார். மறுபக்கம் அது மெதுவாக, சூடாக, வளைந்து வந்து நிமிர்ந்தது. துணியால் துடைத்தார். ஆணியிலிருந்து நகவெட்டியை எடுத்து நான்கு முனைகளையும் நறுக்கினார். ஒரு முனையைத் தன் உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். குத்தவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

மேல்முறையீட்டு விசாரணை வரும் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு. அந்த வாரம் முழுவதும் அணை ஒன்பது மணிக்குத் திறக்கும் என்று போனில் பதிவுக் குரல் சொல்கிறது. செவ்வாய்க்கிழமை ஒன்பதே கால் சவாரிக்குப் பதினொரு பேர் பதிவு செய்திருக்கிறார்கள்.